அரிசி டாக்டர் காலமான கதை

மழைக்காலம், பனிக்காலம், வெயில்காலம் என்று எல்லா ஊருக்கும் இருக்கிற காலங்கள் போதாதென்று, நாகப்பட்டினத்தில் எங்கள் வண்டிப்பேட்டைத் தெருவுக்கு மட்டும் ஒரு வருஷம் அரிசி டாக்டர் காலம் என்று ஒன்று கூடுதலாக வந்து ஐந்து மாதம் தங்கியது. தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் தொடங்கி மறுமுனை டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்த அந்தக் காலத்தில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை, மழை விட்ட பிறகு வருகிற மாதிரி ஒரு வெளிச்சம் காலையிலிருந்து மாலைவரை அப்படியே நின்றது, புதுச் சாக்கைப் பிரித்தால் வருமே அந்த அரிசி வாசனை வாசலுக்கு வாசல் வந்தது, ஒரு பொருளும் கெட்டுப்போகவில்லை. எல்லோரும் அதை வரம் என்றார்கள். எனக்கு மட்டும் முதல் நாளே அது பிடிக்கவில்லை, ஏனென்றால் நான் மாவு விற்கிறவள்.

அரிசி டாக்டரின் பெயர் வான்மதி. அரிசியில் எப்படி வண்டு விழுகிறது, எப்படிப் பூஞ்சை பூக்கிறது, எவ்வளவு ஈரம் இருந்தால் ஒரு மூட்டை எத்தனை மாதம் தாங்கும் என்று ஆராய்வதற்கென்றே அரசாங்கம் வைத்திருந்த ஒரு நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர், கடற்காற்றில் அரிசி கெடுகிற விதம் மட்டும் தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தார். வாசலில் டாக்டர் என்று பெயர்ப்பலகை இருந்ததால் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போனார்கள். நான் அரிசிக்குத்தான் டாக்டர், பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு பெரியாஸ்பத்திரிக்கு நடந்து, அவர்கள் இடத்தில் தானே வரிசையில் நிற்பார். வந்த புதிதில், உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பக்கா கேட்டதற்கு, "செத்துட்டார்" என்றார். தெருக்குழாயில் நின்ற அத்தனை பேரும் குடத்தை இறக்கிவைத்துவிட்டார்கள். நாங்கள் தவறிவிட்டார் என்போம், போய்ச் சேர்ந்தார் என்போம், சாமிகிட்ட போய்விட்டார் என்போம். செத்தது என்பது நாய்க்கும் காக்கைக்கும் சொல்லும் வார்த்தை.

அவரிடம் ஒரு பழக்கம், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார். ஒரு முறை புஷ்பக்கா தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போடக் கூப்பிட்டுவிட்டு, இதோ வந்துடறேன் என்று சொல்லி வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வந்தபோது அரிசி டாக்டர் குளோரின் பொட்டலத்தோடு அவள் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கோபம் இல்லை. இதோ என்றால் இங்கே என்றுதானே அர்த்தம் என்று மட்டும் கேட்டார்.

வீடு வீடாகப் போய்த் தொட்டியை மூடச் சொல்வார், பள்ளிக்கூடச் சத்துணவு முட்டையை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குவார். புயல் அடித்த வருஷம் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது, யாரோ புண்ணியவான் வேன் நிறைய எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் அனுப்பினார். அவர் ஒன்றைப் பிரித்து மோந்தார், இன்னொன்றைப் பிரித்து மோந்தார், அத்தனையையும் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டுக் குழிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பசியில் நாங்கள் அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை. கஞ்சி கொதிக்க மத்தியானம் ஆனது. ஒருவருக்கும் வயிறு கெடவில்லை, கெடாத வயிற்றுக்கு யார் நன்றி சொல்வார்கள், நாங்களும் சொல்லவில்லை.

என் மாவுக்கும் அவர் வந்தார். கிரைண்டரைக் கழுவுவது எப்படி என்று சொல்லத்தான் வருகிறார் என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவர் மாவுத் தூக்கை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நீ விற்பது கெட்டுப்போகிற மாவு, பாதி வழியில் சரியாக நிறுத்திவிடுகிறாய், அந்தப் பாதி வழிக்குப் பெயர்தான் இட்லி என்றார். அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. "கெடாத அரிசி ஒண்ணைக் கண்டுபிடிச்சிடணும்னு வேலைக்குச் சேர்ந்தேன் வேணி. அப்புறம் யோசிச்சேன். கெடவே கெடாதுன்னா அது வயித்துக்குள்ளயும் கெடாது. அதுக்குப் பேரு அரிசி இல்ல, கல்லு."

பங்குனியில் ஒரு நாள் முறத்தில் அரிசியைப் பரப்பி வண்டு பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்ததால் வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது. எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை, கொள்ளி வைக்க ஆளும் இல்லை. ஏதாவது செய்யாவிட்டால் தெருவுக்கு நல்லதில்லை என்று ஃப்ளெக்ஸ் வைக்கத் தீர்மானித்தார்கள்.

ஃப்ளெக்ஸ் கடை ஹாஜா படத்தை எல்லாம் ஏற்றிவிட்டு, என்ன வார்த்தை போடுவது என்று கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோயில் கமிட்டி தனபால் சிவலோகப் பதவி அடைந்தார் என்று போடச் சொன்னார். அந்த அம்மா ஒரு நாள் திருநீறு வைத்துப் பார்த்திருக்கிறாயா என்று புஷ்பக்கா சண்டைக்குப் போனாள், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதுதான் கேட்பதற்கு மரியாதையாக இருக்கும் என்றாள். கட்சிக்காரர்கள் இயற்கை எய்தினார் என்றார்கள். பாத்திமா அவர் பெயரில் ஓதலாம் என்று சொல்லி, எதில் சேர்த்து ஓதுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஹாஜாதான், யார் மனசும் நோகாத வார்த்தை ஒன்று இருக்கிறது, இடமும் கம்மியாகத்தான் பிடிக்கும் என்று காலமானார் என்று போட்டான். அது சரியான வார்த்தைதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சாயங்காலம் ஃப்ளெக்ஸ் ஏறியது, மல்லிகை மாலை ஏறியது, விடிந்தபோது அரிசி டாக்டர் காலமாகியிருந்தார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எத்தனையோ பேருக்குக் காலமானார் என்று அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் சும்மா செத்துப்போனார்கள். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கியபோது எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்கள் குடையை மடக்கினார்கள். பால் திரியவில்லை, சாம்பார் ஊசவில்லை, கொசு முட்டை பொரிக்கவில்லை, ஃப்ளெக்ஸில் போட்ட மாலை வாடவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு அதில் பட்டுப்புடவை மடித்து வைத்தார்கள். மீன்காரிகள் கடைத்தெருவை விட்டு எங்கள் தெருவில் கூடையை இறக்கினார்கள், அறுத்த வஞ்சிரம் கண் மங்காமல் கிடந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் பாலையும் பூவையும் கொண்டுவந்து தெரிந்தவர்கள் வீட்டில் வைத்தார்கள். இருந்தபோது பேசாதவர்கள்கூட அரிசி டாக்டர் புண்ணியத்தில் என்று பேச்சை ஆரம்பித்தார்கள். காலையில் ஃப்ளெக்ஸைத் தாண்டுகிறவர்கள், வரேன் டாக்டரம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்காக யாரும் அழவில்லை, எப்படி அழுவது, எங்கேயும் போகாதவருக்காக?

நேரம் ஓடியது, காலம்தான் ஓடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, பஸ் வந்தது, சம்பள நாள் வந்தது. ஆனால் என் மாவு சாயங்காலம் கரைத்தது கரைத்தபடி காலையில் தட்டையாகக் கிடந்தது. பாத்திமாவின் பேரன் பங்குனியில் விழுந்து சிராய்த்த முழங்கால் ஆனியிலும் அதே சிவப்பாக இருந்தது. சாப்பிட்டால் சோறு கல் மாதிரி உட்கார்ந்தது, யாருக்கும் மறுவேளை பசிக்கவில்லை, அதையும் வரம் என்றார்கள்.

என் மகள் அபிநயா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவர் தவறியபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். சித்திரையிலும் ஒன்பதாம் மாதம், வைகாசியிலும் ஒன்பதாம் மாதம், ஆனி கடந்து ஆடிக்காற்று மற்ற தெருக்களில் கூரையைத் தூக்கியபோதும் ஒன்பதாம் மாதம். வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா நாடாவைப் போட்டு வயிற்றை அளந்துவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, எல்லாம் போன தடவை மாதிரியே இருக்கிறது என்பாள். போன தடவை மாதிரியே என்பதை எந்தத் தாய் கேட்டுக்கொண்டிருப்பாள்? சம்பந்தியம்மா போன் செய்து, யானையாக இருந்தாலும் இந்நேரம் ஈன்றிருக்கும் என்று சிரித்தாள். அடுத்த தடவை சிரிக்கவில்லை, மாதக் கணக்கு எங்கள் பக்கம் தப்பா, உங்கள் பக்கம் தப்பா என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை போன் செய்வது குறைந்தது.

ஒரு நாள் அபிநயா என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். "புள்ள உதைக்குதும்மா. ஆனா அதே இடத்துல, அதே உதைதான். நேத்து உதைச்சதையே இன்னிக்கும் உதைக்குது."

அவளைத் தெருவை விட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சித்திரையில் தோன்றியிருந்தால் போயிருப்பேன். தோன்றியபோது இன்னொன்றும் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வைத்துவிட்டுப் போயிருந்த பாலைத் திரும்ப எடுத்துப் போனாள். ஃப்ளெக்ஸைத் தாண்டியதும் பால் தயிரானது, ரோட்டைக் கடப்பதற்குள் புளித்து நுரைத்தது, அவள் வீட்டுப் படி ஏறும்போது தூக்கில் புழு நெளிந்தது. நிறுத்தி வைத்திருந்த நாட்கள் அத்தனையும் எல்லையைத் தாண்டிய நிமிஷத்தில் ஒன்றாக வந்து விழுந்தன. சூல்பெண்ணை எந்தத் தைரியத்தில் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டச் சொல்வேன்?

அதே பயத்தில்தான் புஷ்பக்காவும் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சூசைராஜ் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஃப்ளெக்ஸ் வைத்த அன்று அவருக்குக் கடைசி மூச்சு. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், பாதர் வந்து, போகிற உயிருக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். விடிந்தால் தாங்காது என்றார்கள். விடிந்தபோது அரிசி டாக்டர் காலம் வந்துவிட்டது, அண்ணன் போகவில்லை. தம்பி வேன் கொண்டுவந்து தஞ்சாவூருக்குத் தூக்கலாம் என்றபோது புஷ்பக்கா வேனுக்குக் குறுக்கே படுத்துவிட்டாள்.

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மாவு அரைக்கும்போதும் அதே யோசனை, ஆட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. காலமானார் என்று நாம் சொன்னோம், அவர் ஆனார். வேறு சொல்லைச் சொன்னால் அதையும் கேட்பார். அவரே தன் புருஷனுக்குச் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. பருவம் தானாக மாறினால் மெல்லத்தான் மாறும். நாம் அதைவிட்டு ஓடினால்தான் மொத்தமாக விழும். இது என் ஊகம்தான், எட்டாவதைத் தாண்டாதவள் ஊகம், சரியாக இருக்கும் என்று சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை ஃப்ளெக்ஸ் அடியில் தெருவே கூடியிருந்தபோது, அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். மீன்காரி கத்தியைக் கீழே வைத்தாள். தனபால், அந்த வார்த்தையைப் பெரிய மனுஷிக்குச் சொன்னால் நாக்கு அழுகும் என்றார். நம் தெருவில் எதுவும் அழுகாதே என்று ஹாஜா முணுமுணுத்தான், யாரும் சிரிக்கவில்லை. வயிற்றில் பிள்ளை சுகமாகத்தானே இருக்கிறது, வெளியே வந்து என்ன பார்க்கப்போகிறது என்று ஒருத்தி கேட்டாள். பிறகு எல்லோர் கண்ணும் ஒன்றாகப் புஷ்பக்கா பக்கம் திரும்பின. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கைப்பிடிச் சுவர் மேல் இருபது வருஷமாகக் குழம்புக் கிண்ணம் போய் வந்தது. அன்று சாயங்காலம் நான் வைத்த கிண்ணம் அப்படியே இருந்தது, கெடாமல்.

அந்தக் கிண்ணத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு காலை அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். சண்டை போடுவாள், போடட்டும் என்று போனேன். அவள் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி நின்றது, இறங்குகிற மாதிரி வந்து இறங்காமல் நின்றது. முதுகில் படுக்கைப் புண், பங்குனியில் நான் பார்த்த அதே அளவு, அதே ஈரம்.

"கெடலை பாத்தியா," என்றாள் புஷ்பக்கா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "நல்லதுன்னு நெனச்சேன். ஆறவும் இல்லடி."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"முதல்ல முனகுவாரு. இப்ப அதுவும் இல்ல. மூணு நாளா கண்ணுல தண்ணி. வந்து கன்னத்துலயே நிக்குது. தொடைச்சா திரும்ப அதே இடத்துல நிக்குது. என்னைப் பாத்தா வருதா, என்னை விடுன்னு வருதான்னு கேக்கறேன். சொல்ல மாட்டேங்கறாரு."

அவர் தலையைக் கோதிவிட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள், எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அபிநயா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அதே உதைதான் அக்கா என்றேன். அவ்வளவுதான் பேசினோம். உனக்காக இதைச் செய்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை, செய்யாதே என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

அவள் முன்னே நடந்தாள், நான் பின்னே போனேன். கிளம்பும்போது அந்த வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், என் பிள்ளைக்காகத்தானே. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்றதும் வரவில்லை. படத்தில் அரிசி டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாரோ இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதற்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். தவறிட்டீங்க என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றது.

தனபால் எதிரிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்தார். புஷ்பக்கா அவரைப் பார்க்கவில்லை. குழந்தைக்குச் சட்டை பொத்தானை மாட்டிவிடுகிறவள் மாதிரி, அவசரமில்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டரம்மா, நீங்க செத்துட்டீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எங்களுக்குச் சொல்ல வாய் வரலை. நீங்க செத்துட்டீங்க, போங்க."

ஒன்றும் ஆகவில்லை. தனபால் நின்ற இடத்தில் நின்றார். பிறகு, ஐந்து மாதமாக வாடாத மாலையிலிருந்து ஒரே ஒரு மல்லிகை, ஓரம் பழுப்பாகி, என் காலடியில் விழுந்தது. ரோட்டுப் பக்கமிருந்து காற்று உள்ளே வந்தது, அதில் சாக்கடையும் கருவாடும் நாறின. முழங்கை சுட்டது, பார்த்தால் வெயில். மீன்காரி கூடையை அவசரமாகத் தலையில் ஏற்றினாள். ஊகம் சரிதான், மொத்தமாக விழவில்லை; ஒவ்வொன்றும் தன் வேளைக்குக் கெட ஆரம்பித்தது. என் வீட்டிலிருந்து அபிநயா அம்மா என்று கூப்பிட்டாள். அடுத்த வீட்டிலிருந்து சூசைராஜ் அண்ணனின் தம்பி அண்ணி என்று கூப்பிட்டான். எந்தக் குரல் முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஓடினோம், வழியில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தோம், கைப்பிடிச் சுவர் வந்ததும் விட்டோம்.

பேரன் மறுநாள் மத்தியானம் பெரியாஸ்பத்திரியில் பிறந்தான். அவன் அழுதது நன்றாக இருந்தது. மாப்பிள்ளை வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் நின்றார். அண்ணனின் நெஞ்சு அதே நேரத்தில் இறங்கி, மறுபடி ஏறவில்லை. தெரு முழுக்கப் பால் திரிந்திருந்தது, ஊறுகாய் பூத்திருந்தது, அழுகல் நாற்றத்தில் வீட்டுக்கு வீடு கழுவிவிட்டுக்கொண்டே, பெண்கள் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்து, அரிசி டாக்டருக்காக அன்றைக்குத்தான் அழுதார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே புஷ்பக்கா வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் ஹாஜா நின்றான். செல்போனில் அண்ணன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்கப் பயந்து, என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தனபால்கூட இந்த முறை அவளே சொல்லட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

"என்ன வார்த்தை போடறதுக்கா?" என்றான் கடைசியில்.

புஷ்பக்கா அண்ணன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"இறந்தார்னு போடு தம்பி," என்றாள். "மத்த வார்த்தையெல்லாம் அவரை என்னமோ ஆகச் சொல்லுது, எங்கேயோ போய்ச் சேரச் சொல்லுது. உயிரோட இருந்தவரைக்கும் மேஸ்திரி ஆகு, மனுஷனா ஆகுன்னு நானே அவரைப் போட்டுப் பிடுங்கியிருக்கேன். இனிமே அவரு எதுவாவும் ஆக வேண்டாம்."

ஹாஜா அப்படியே போட்டான். ஃப்ளெக்ஸில் நிறைய இடம் மிஞ்சியது. ஏதாவது பூப்படம் போட்டு நிரப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.